இருமல் கேட்காவிட்டால்

மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது நாய் வந்ததா, மிக்ஸியைப் போடுவதற்கு முன்பே வந்துவிட்டதா என்று பிரிஸில்லாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நேற்று மதியம் நடந்ததுதான். ஆனால் நினைத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது வேறு மாதிரி நடந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் கணவர் லாயிட் படுத்திருந்தார். அடுகோடியில் இருந்த அவர்கள் வீட்டின் முன்னறை அந்தப் பெட்டிக்கே சரியாக இருந்ததால் அவருடைய சாய்வு நாற்காலியைப் படுக்கையறைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். சபைப் பெண்கள் சுவரோரமாக உட்கார்ந்து இரண்டாவது பாட்டைத் தொடங்கினார்கள். டிசம்பர் குளிரும் ரோட்டுத் தூசியும் சேர்ந்து ஊரில் எல்லாருக்கும் தொண்டை கட்டியிருந்தது. பாட்டின் நடுவில் யாரோ இருமினார்கள்.

பெட்டிக்கருகே படுத்திருந்த நாய், ரஸ்க், உடனே எழுந்தது. கால்களுக்கிடையில் புகுந்து வந்து பிரிஸில்லாவின் முழங்காலில் மூக்கை வைத்தது. அவள் கையிலிருந்த, நாய் பழக்கும் கிளிக்கரை அழுத்தினாள். பாட்டுக்கு நடுவே 'டிக்' என்றது. மடியிலிருந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்து, வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கொடுத்தாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாட்டு நிற்கவில்லை.

லாயிடின் தம்பி டென்சில் குனிந்து காதருகே கேட்டான். "அண்ணி, இவன மாடில கட்டிப் போடட்டா? வர்றவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க."

"வேணாம். இங்கயே இருக்கட்டும்."

லாயிடுக்கு அந்த 'டிக்'தான் தொழில். பொம்மனஹள்ளிப் பக்கத்து அபார்ட்மென்ட்களில் நாய்க்குட்டிகளைப் பழக்குவார். அடி கிடையாது, அதட்டல் கிடையாது. குட்டி சரியாக ஒன்றைச் செய்தால் அந்த நொடியே ஒரு 'டிக்', ஒரு துண்டு. செய்யாவிட்டால் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். நுரையீரல் கெட்டு வேலையை விட்ட பிறகு, தெருவில் கிடைத்த ரஸ்க்கைப் பழக்கினார். இருமல் வந்தால் அவருக்குக் குரல் எழும்பாது. அதனால் அவர் வேண்டுமென்றே இருமிக் காட்டுவார். நாய் திரும்பிப் பார்த்தால் டிக். சமையலறைப் பக்கம் ஓரடி வைத்தால் டிக். இப்படியே கடைசியில் அது தானாக வந்து அவள் முழங்காலைத் தொடக் கற்றுக்கொண்டது.

"என்னக் கூப்பிடறதுக்குத் தனியா பியூன் போட்டுட்டாரு துரை," என்று அவள் கேலி செய்தாள்.

பியூன் சீக்கிரமே ஏமாற்றவும் கற்றுக்கொண்டது. இருமலே இல்லாமல் வந்து முழங்காலைத் தொட்டுவிட்டு டப்பாவைப் பார்க்கும். அவள் கரண்டியோடு ஓடிவந்து பார்த்தால், லாயிட் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். சிரித்துச் சிரித்து அதுவே இருமலாகிவிடும்.

"திருட்டுப் பய. இருமல் கேக்கலன்னா திரும்பிக்கூடப் பாக்காத பிரிஸ்ஸி. பொய்க்குக் கூலி குடுத்தா பொய்தான் வளரும்."

அவள் அப்படியே செய்தாள். நேற்றும் அப்படித்தான் செய்தாள். தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தாள், அல்லது அரைக்கப் போனாள். முழங்காலில் ஈர மூக்கு பட்டது. இருமல் எதுவும் காதில் விழவில்லை. அவள் திரும்பவில்லை. மறுபடியும் பட்டது. அதற்கப்புறம் வரவில்லை. காப்பியோடு முன்னறைக்குப் போனபோது நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய கை தொங்கியது. ரஸ்க் கீழே படுத்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அவருக்கே தெரிஞ்சிருக்காது," என்று டென்சில் காலையிலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் யாரிடமும் அந்த மூக்கு பட்டதைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுபடி ஓர் இருமல். ரஸ்க் வந்தது. டிக். துண்டு.

கிருத்திகா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். லாயிட் கடைசியாகப் பழக்கிய பீகிள் குட்டி அவளுடையது. ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்ற மறந்து வந்திருந்தாள். கொஞ்ச நேரம் நாயையே பார்த்தாள்.

"இருமினா மட்டும்தான் வர்றானா ஆண்டி?"

"ம்."

"சும்மா வர மாட்டானா? எங்க வீட்டுது செம டிராமா பண்ணும்."

"வருவான். முன்னாடியெல்லாம் வருவான்." பிரிஸில்லா டப்பாவின் மூடியை அழுத்தி மூடினாள். "காலைலேந்து பாக்குறேன். ஒரு தடவகூட சும்மா வரல."

கிருத்திகாவுக்கு அதில் என்ன என்று புரியவில்லை. ஆனால் பிரிஸில்லா அதற்காகத்தான் காத்திருந்தாள். இந்த நாய் ஒரே ஒரு தடவை பொய்யாக வந்தால் போதும். நேற்று வந்ததும் பொய்யாக இருக்கலாம் என்று அவளால் நினைத்துக்கொள்ள முடியும். போதகர் இருமினார், வந்தது. வாசலில் வண்டி ஓட்டுநர் இருமினார், அதற்கும் வந்தது. இருமல் இல்லாத நேரமெல்லாம் பெட்டிக்கருகிலேயே கிடந்தது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டம் பக்கத்தில்தான். திரும்பி வந்தபோது பெட்டி போயிருந்தது. யாரோ சாய்வு நாற்காலியைப் பழைய இடத்திலேயே போட்டிருந்தார்கள். "நான் இங்கயே படுத்துக்கறேன் அண்ணி," என்றான் டென்சில். அவள் வேண்டாமென்றாள். இரண்டு தடவை கேட்டுவிட்டு அவனும் போனான்.

சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் சமையலறையில் பால் காய்ச்ச வைத்தாள். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அடுப்பின் சீற்றம்கூட மெல்லத்தான் கேட்டது.

முழங்காலில் மூக்கு பட்டது.

ரஸ்க் அவளைப் பார்த்தது. டப்பாவைப் பார்க்கவில்லை.

அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றாள். இருமல் இல்லை. பகல் முழுக்க அவள் வேண்டிக் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் கிடைத்ததை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அடுப்பை அணைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் பார்த்தாள். நாற்காலியின் துணி நடுவில் அவர் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. பிறகு கிளிக்கரை அழுத்தி, ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது டென்சில் ஞாயிற்றுக்கிழமைகளில் சிவாஜிநகரிலிருந்து வந்துபோகிறான். கிருத்திகா குட்டியை வேறொருவரிடம் பழக்க விட்டிருக்கிறாள். பிரிஸில்லா அதே வீட்டில்தான் இருக்கிறாள். இருமல் இல்லாமலே ரஸ்க் தினமும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து போய்ப் பார்க்கிறாள்.