மேல்துண்டு காயும் வரை

மோட்டார் நின்றபோது மணி இரண்டே முக்கால் இருக்கும்.

இரண்டு துண்டாகச் செய்த தூண்டில் கம்பின் மேல்துண்டுக்கு அவர் அப்போதுதான் பூச்சுப் பூசி முடித்திருந்தார். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைக் கம்போடு சேர்த்துக் கட்டிய நூல் சுற்றுகளின் மேல் தடவும் அந்தப் பூச்சு, தேன் மாதிரி இருக்கும். இறுகும் வரை ஓரிடத்தில் நிற்காது. கம்பு அசையாமல் கிடந்தால் ஒரு பக்கமாக வழிந்து, சொட்டாகத் தொங்கி, அப்படியே காய்ந்துவிடும். அதற்காகத்தான் மேசை மேல் அந்தச் சின்ன மோட்டார். கம்பின் தடித்த முனையை மோட்டாரின் கிண்ணத்தில் ரப்பர் பட்டை போட்டு இறுக்குவார். மெல்லிய முனையைத் துணி சுற்றிய மரக் கவட்டையில் சாய்த்து வைப்பார். மூன்று மணி நேரம் அது தானாகச் சுழலும். அன்று உள்ளே பல்சக்கரம் நாலு தரம் கடகடத்துவிட்டு ஓய்ந்துபோனது.

“மகாராணி! சீக்கிரம் வாங்க. உங்க சக்களத்தி மூச்சை விட்டுட்டா!”

ஈரக் கையோடு அவள் ஓடி வந்தாள். “நல்லதாப் போச்சு. இருபத்திரண்டு வருஷமா அவகூடத்தானே குடித்தனம் நடத்துனீங்க. இனியாவது என் பக்கம் திரும்பிப் பாருங்க.”

“பாக்குறேன், பாக்குறேன். இப்ப இப்படி உக்காரு.”

கம்பின் முனையைக் கிண்ணத்திலிருந்து உருவி இன்னொரு கவட்டையில் வைத்தார். இரண்டு விரலால் எப்படி உருட்டுவது என்று காட்டினார். நூறு எண்ண வேண்டும். கால் சுற்று உருட்ட வேண்டும். மறுபடி நூறு.

“எழுந்து நடக்காத, தூசி கிளம்பும். ஃபேன் போடாத. கதவை நான் சாத்திட்டுப் போறேன்.”

“என்னை உக்கார வச்சிட்டு நீங்க எங்க கிளம்பிட்டீங்க?”

“நெஞ்சு ஒரு மாதிரி கரிக்குது. சாப்பிட்டது சேரல போல. கொஞ்சம் சாஞ்சுட்டு வர்றேன். நடுவுல வந்து பார்ப்பேன், ஆளு இருக்கணும்.”

கதவு சாத்தப்பட்டது.

அவளுக்குப் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இத்தனை வருடத்தில் பூச்சு ஈரமாக இருக்கும்போது அவளை மேசைப் பக்கமே அவர் விட்டதில்லை. புடவைத் தலைப்பு பட்டுவிடும், முடி விழுந்துவிடும் என்று விரட்டுவார். இன்று கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு சொட்டுக்கூடத் தொங்காமல் முடித்துக் காட்ட வேண்டும் என்று மனதுக்குள் சபதம் செய்துகொண்டாள். நூறு எண்ணினாள். உருட்டினாள்.

எட்டாவது நூறோ ஒன்பதாவது நூறோ ஓடிக்கொண்டிருந்தபோது, அடுத்த அறையில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. டம்ளர் மாதிரி இருந்தது.

“என்னங்க, என்ன விழுந்துச்சு?”

பதில் இல்லை.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. கூப்பிட்டால் காது கேளாதவர் போல இருந்து, யார் முதலில் எழுந்து வருகிறார்கள் என்று பார்ப்பார். சோதிக்கிறார் என்று அவள் நினைத்தாள். சிரித்துக்கொண்டே கதவைப் பார்த்து உரக்கச் சொன்னாள்: “நான் ஒண்ணும் எழுந்திருக்க மாட்டேன். ஆளு இங்கதான் இருக்கேன்!”

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால், அவர் செய்வது போலவே ஒரு ஓரத்தில் நகத்தால் லேசாகத் தொட்டுப் பார்த்தாள். ஒட்டவில்லை. அவரை எழுப்பிக் காட்டக் கதவைத் திறந்தாள். அவர் கட்டிலின் விளிம்பில் கிடந்தார். ஒரு கை தரைப் பக்கம் தொங்கியது. டம்ளர் கதவோரம் உருண்டு கிடந்தது. அதிலிருந்து சிந்திய தண்ணீர் எப்போதோ காய்ந்து, தரையில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், “உடனே கொண்டு வந்திருந்தா…” என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அவர் விட்ட வாக்கியத்தை அவள் தினமும் தானே முடித்துக்கொண்டிருந்தாள். மேசைக்கும் கட்டிலுக்கும் பதினோரு அடி. நூறு எண்ணும் நேரத்தில் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். கம்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை அவள் நடந்தே பார்த்தாள். போய்வர முப்பது எண்ணும் நேரம்கூட ஆகவில்லை.

எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: “தூங்குறார்னு நினைச்சேன்.” சத்தம் கேட்டதை யாரிடமும் சொல்லவில்லை. முக்கியமாக அண்ணியிடம். அண்ணி அவள் கணவரின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையிலேயே வந்துவிடுவாள். வந்து, அதட்டி அதட்டி இவளைக் குளிக்க வைத்து, அதட்டி அதட்டிச் சாப்பிட வைப்பாள். அந்தச் சோற்றை விழுங்கும்போதெல்லாம் திருடித் தின்பது போல இருந்தது அவளுக்கு. கடவுளிடம் மட்டும் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்டுக்கொண்டார், பேசவில்லை.

மூன்றாவது வாரம் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் வந்தார். அந்தக் கம்பைச் செய்யச் சொன்னவர் அவர்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார்.

“கம்புக்காக வரலம்மா. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“கம்பு முடிஞ்சிருக்கு. எடுத்துக்கோங்க” என்றாள். அண்ணி உள்ளே போய் இரண்டு துண்டுகளையும் எடுத்து வந்து கொடுத்தாள். வேன்காரர் மேல்துண்டை வெளிச்சத்தில் பிடித்தார். ஒவ்வொரு நூல் சுற்றாகக் கட்டைவிரலால் தடவினார். அவர் கண் கலங்கியது.

“கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு சொட்டு இல்ல, ஒரு தூசி இல்ல. கடைசி வேலையிலயும் பாருங்க, அண்ணன் கை கைதான்.”

“அவர் கை இல்ல” என்றாள் அவள். “அது என் கை.”

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. மோட்டார் நின்றது, கதவைச் சாத்தியது, சத்தம், தான் சிரித்தது, சிரித்துக்கொண்டு சொன்னது, அத்தனையும் சுவரைப் பார்த்துச் சொல்லி முடித்தாள்.

அண்ணி எழுந்தாள். “சிரிச்சியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“ஆமா அண்ணி.”

அண்ணி போய்விட்டாள். கொண்டு வந்த பையைக்கூட எடுக்கவில்லை.

வேன்காரர் கையில் கம்போடு நின்றார். “இது உங்க கண் முன்னால இருக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்கம்மா” என்றார்.

“கொண்டு போயிடுங்க.”

தோளில் கிடந்த துண்டை எடுத்து, கம்பு வெளியே தெரியாதபடி சுற்றி, அவள் பக்கம் திருப்பாமல் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

மறுநாள் அண்ணி வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அது நியாயம் என்றே அவளுக்குத் தோன்றியது. சமைக்கவில்லை. மூன்று மணி ஆகும்போது மட்டும் அவளால் எங்கும் இருக்க முடியவில்லை. ஆறு மணி வரை மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். தான் பிழைத்திருப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று யோசித்தாள்.

மூன்றாம் நாள் மூன்று மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம். அண்ணி நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

“உன் மேல எனக்குக் கோபம் இருக்கு” என்றாள் வாசலிலேயே. “போகல. போகுமான்னும் தெரியல. பொய் சொல்ல எனக்கு வராது.”

“தெரியும் அண்ணி.”

“ஆனா இந்த நேரத்துல நீ இங்க ஒத்தையா உக்காந்திருப்பன்னு நினைச்சா, வீட்டுல எனக்கு இருப்புக் கொள்ளல. நீ சாகுறதுக்கா என் தம்பி உன்னைக் கட்டிட்டு வந்தான்? நகரு.”

தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழங்கால் வலிக்காரி, உட்காரவே இரண்டு முறை முனகினாள். கை பிடிக்கவில்லை, தலை தடவவில்லை. வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

அவள் கடவுளிடம் கேட்டது மன்னிப்பை. அது இன்னும் வரவில்லை, வராமலே போகலாம். அவளைவிட அதிகமாக இழந்த ஒருத்தி, மூட்டுவலியோடு இரண்டு தெரு நடந்து வந்து, வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அனுப்பப்பட்டது அவ்வளவுதான் என்று நான் நம்புகிறேன். அது கொஞ்சம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆறு மணிக்கு அண்ணி சுவரைப் பிடித்து எழுந்தாள்.

“நாளைக்கும் வருவேன். நான் பேசலன்னா தப்பா எடுத்துக்காத.”

மறுநாளும் வந்தாள். பேசவில்லை.