பன்னிரண்டு பிரதிகள்

அக்கா என் அலுவலகத்துக்கு வந்ததே இல்லை. அன்று திங்கட்கிழமை காலை பதினொன்றரைக்கு, கழுத்தில் அளவு நாடாவோடு என் மேசைக்கு எதிரே வந்து நின்றாள். தையலைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள்.

"வீட்டுச் சுவத்துல சிவப்புக் கோடு போட்டுட்டுப் போயிருக்காங்கடி. ரோட்டை அகலம் பண்றாங்களாம். முன் ரூம் மொத்தமும் போகுதாம். உங்க ஆபீஸ்ல இருந்துதான் வந்தோம்னாங்க."

"தப்பா சொல்லியிருப்பாங்கக்கா. அப்படின்னா நோட்டீஸ் வந்திருக்கணுமே. நோட்டீஸ் போடறதே நான்தான்."

பெருமையாக வேறு சொன்னேன். அந்த முன் அறையில்தான் அக்கா தைக்கிறாள். மாமா இறந்த பிறகு இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததும் அந்த அறைதான். அது போனால் அவள் பிழைப்பும் போயிற்று.

நான் நகராட்சியில் அறிவிப்புப் பிரிவு எழுத்தர். பதினொரு வருடமாக இதே நாற்காலி. சாலையை அகலப்படுத்தினாலும் கட்டடத்தை இடித்தாலும், விதிப்படி அது முதலில் பத்திரிகையில் வரவேண்டும். முப்பது நாளுக்குள் எதிர்ப்பு வராவிட்டால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்று அர்த்தம். பிறகு, 'அப்பகுதியில் பரவலாக விற்பனையாகும் பத்திரிகையில் வெளியிடப்பட்டது' என்று நான் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கோப்பு மேலே போய்விடும்.

அக்கா வரி ரசீதை நீட்டினாள். சர்வே எண் 114/7. எங்கள் அறிவிப்புகளில் ஆள் பெயரும் இருக்காது, தெருப் பெயரும் இருக்காது. வெறும் எண்கள்தான். கடைசியாகப் போட்ட அறிவிப்பின் கோப்பை எடுத்து விரலை வைத்துத் தேடினேன். முப்பத்திரண்டு வீடுகள். பதினான்காவது வரியில் 114/7. அச்சுப் பிழை பார்க்க வந்த தாளில் அது 114/1 என்று விழுந்திருக்க, யாரோ பென்சிலால் அடித்து 7 என்று திருத்தியிருந்தார்கள்.

அந்த யாரோ நான்தான். என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? சொந்த அக்கா வீட்டை இடிக்கிற பட்டியலில் நானே சரிபார்த்துச் சேர்த்திருக்கிறேன். எத்தனை தடவை அந்த வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பேன், அதற்கு ஒரு எண் உண்டு என்று நினைத்ததே இல்லை. கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்திருந்தது. அன்று சாயங்காலமே சான்றில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

"பேப்பர்ல வந்துச்சா? எந்தப் பேப்பர்?" என்றாள் அக்கா.

கோப்பில் ஒட்டியிருந்த வாரப் பத்திரிகையைக் காட்டினேன்.

"இதை நான் கண்ணாலயே பாத்ததில்லையே."

"எல்லாக் கடையிலயும் தொங்கும்கா. நீதான் கவனிச்சிருக்க மாட்டே."

"சரி, வா. ஒரு கடையில காட்டு."

அக்கா இப்படித்தான், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விடுவிடுவென்று பேருந்து நிலையத்துப் பத்திரிகைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருவத்திரண்டு வருசமா கடை வச்சிருக்கேன். இப்படி ஒண்ணு இருக்குன்னே இப்பத்தான் தெரியும். ஏதாவது சங்கத்துப் பேப்பரா?"

அடுத்த கடையிலும் அதே பதில். மூன்றாவது கடையில் நான் கேட்கவே இல்லை, அக்காதான் கேட்டாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் முகவரி இருந்தது. டயர் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை, ஒரே இயந்திரம். அழைப்பிதழ் அச்சடித்துக்கொண்டிருந்த அச்சகக்காரர், நான் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டார்.

"வாரத்துக்கு எத்தனை காப்பி அடிக்கிறீங்க?"

"பன்னெண்டு. உங்க ஆபீஸுக்கு ஒம்போது, கோர்ட்டுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணு."

"கடைக்கு?"

"கடைக்கா?" அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம். "வெறும் நோட்டீஸை யாரும்மா வாங்குவா? அப்பா காலத்துல போட்டுப் பாத்தோம், கட்டுக் கட்டா திரும்பி வந்துச்சு. நிறுத்தியே பதினஞ்சு வருசமாச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். நீங்க யாரும் கேட்டதே இல்லையே."

வியாழக்கிழமைதோறும் ஒன்பது பிரதிகள் வரும். நான் வெட்டி ஒட்டுவேன். மீதி ஊரெல்லாம் போயிருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அடிப் பாவி, பதினொரு வருடமா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் ஆணையருக்கு ஒரே மூச்சில் கடிதம் எழுதினேன். பத்திரிகை விற்பனைக்கே போவதில்லை, நான் கொடுத்த சான்று பொய், அறிவிப்பு செல்லாது. அக்காவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மேலாளரிடம் போனேன். அவரைக் கல்லுளிமங்கன் என்போம், வாயில் இருந்து வார்த்தையைப் பிடுங்க முடியாது. கடிதத்தை இரண்டு முறை படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கோப்பு இன்னும் மேல போகலைம்மா. உங்க அக்காவை ஒரு எதிர்ப்பு மனு எழுதச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை தேதி போட்டு வாங்கிக்கறேன். அந்த ஒரு வீட்டை விட்டுடுவாங்க." கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "இதை யாருக்கும் காட்டாதீங்க. இதுவரைக்கும் இருநூத்திப் பதினாறு அறிவிப்பு. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து."

இருநூற்றுப் பதினாறு. நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, என் கை தானாக நீண்டு கடிதத்தை எடுத்துக்கொண்டதுதான்.

வராந்தாவுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன்.

"என் வீடு மட்டும்தானா?"

"அவ்வளவுதான்கா என்னால முடியும். எனக்கும் வேலை இருக்கணும்ல."

அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை உருவிச் சுருட்டினாள். "இதுக்கு முன்னாடி வீடு, கடை போனவங்க யாராச்சும் உன்கிட்ட வந்து கேட்டாங்களா?"

"வந்தாங்க."

"நீ என்ன சொன்னே?"

முடிதிருத்துகிறவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். நான்கு வருடம் இருக்கும். கடையை இடித்த மறுநாள் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். "முப்பது நாளும் தூங்கிட்டிருந்தீங்களா?" என்று கேட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சண்டை போடவில்லை. "என் தப்புதாம்மா, பாக்காம விட்டுட்டேன், மன்னிச்சுக்கங்க," என்று கைகூப்பிவிட்டுப் போனார்.

அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"உன்கிட்ட மன்னிப்பு கேட்டாரா?" என்றாள் அக்கா.

எழுந்து கீழே தபால் பிரிவுக்குப் போய் ஜன்னல் வழியாகக் கடிதத்தை நீட்டினேன். உள்ளே இருந்தவர் முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டார். எண் விழுந்த கடிதத்தை யாராலும் திரும்ப வாங்க முடியாது, என்னாலும்தான்.