கடலுக்குப் பாடுகிறவரின் முதுகு

1.

இந்தக் கதை ஒரு மறுப்பாகத்தான் தொடங்கியது. மாசி மகம் முடிந்த மறுநாள், எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோவைப் போட்டிருந்தார்கள். அதன் கீழே, "கொளஞ்சியப்பன் ஐயா வீட்டுப் பாட்டு, இந்த வருஷம் ரெண்டு குரல்ல" என்று எழுதியிருந்தது. சிரிக்கும் பொம்மை எதுவும் போடவில்லை. போட்டிருந்தால் கோபப்பட்டிருக்கலாம்.

அந்தக் கொளஞ்சியப்பன் நான்தான். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். விளக்கம் எழுதத் தெரியும். கடலூர் செம்மண்டலம் வீட்டின் மாடியில் உட்கார்ந்து, "மேற்படி பதிவு தொடர்பாக எங்கள் குடும்பத்தின் சார்பில் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால்" என்று தொடங்கினேன். அந்த வாக்கியம் இன்னும் முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

முன்பு சில கதைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் என் வீட்டார் எவரும் இல்லை. வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்பது என் கொள்கை. இதை எழுதும்போதும் அந்தக் கொள்கை எங்கும் போய்விடவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "கிள்ளைக்கு அப்பால், அலையாத்திக் காட்டின் பச்சை முடிந்து மணல் விரியும் இடத்தில்—"

[வேண்டாம். சுற்றுலா விளம்பரம் போலிருக்கிறது.]

இரண்டாம் முயற்சி: "அவருக்குக் குரல் போன ஆண்டில்—"

[யார் அந்த அவர்? நான்தானே. இந்த வயதில் 'அவர்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிவது அழகில்லை.]

நேராகவே சொல்கிறேன். எங்கள் சொந்த ஊர் கிள்ளைக்குப் பக்கம். பெயரை எழுதவில்லை, எழுதினால் நாலு பேர் திருத்தம் சொல்ல வருவார்கள். மாசி மகத்தன்று சாமி கடலாடித் திரும்பியபின், மாலையில் மணலில் மேடை போட்டுக் கலைவிழா நடக்கும். பிள்ளைகளின் பரதம், சிலம்பம், கடலூரிலிருந்து வரும் மெல்லிசைக் குழு எல்லாம் உண்டு. ஆனால் முதல் பாட்டு மனிதர்களுக்கு இல்லை. அது கடலுக்கு.

பாடுகிறவர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நிற்க வேண்டும். பாட்டு முடியும்வரை திரும்பக் கூடாது. பாட்டு பாதியில் நிற்கவும் கூடாது. கேட்பவர்கள் கைதட்டக் கூடாது.

பயிர் செய்கிறவர்களின் பாட்டு அது. மாசியில் அறுத்த வயலில் உளுந்து பூத்திருக்கும். உப்புத்தண்ணீர் ஏறினால் எல்லாம் போயிற்று. ஆகவே கடலிடம் ஒரு வேண்டுகோள். நீளமான பாட்டு, ஒவ்வோர் அடியும் இழுத்து இழுத்துத் திரும்ப வரும். தொடக்கம் இப்படி:

அங்கேயே நில்லம்மா, அலைகாரி,
இங்கே எங்க உளுந்து பூ வச்சு நிக்குது.
குடுத்த மீனுக்குக் கும்புடுறோம்,
கொண்டாந்த உப்பத் திருப்பி வாங்கிக்க.

பாட்டில் வரும் 'எங்க' என்பது ஊர் முழுவதும். பாடும் உரிமை மட்டும் எங்கள் வீட்டுக்கு. தாத்தா பாடினார், அப்பா பாடினார், பிறகு நான். பாட்டுக்கு முன் மைக்கில் ஓர் அறிவிப்பு வரும்: "இப்போது கொளஞ்சியப்பன் வீட்டுப் பாட்டு." அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு சொல்லைக் காதில் வாங்கியபடி நிமிர்ந்து நடந்துதான் என் முதுகு இப்படி விறைப்பானது.

(சுனாமிக்கு அடுத்து வந்த மாசி மகத்தில், "இனிமே அதுக்கு எதுக்குய்யா பாட்டு?" என்று ஊரே கேட்டது. நான் ஏறி நின்று பாடினேன். முடித்துத் திரும்பியபோது யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.)

3.

இனி பாத்திரங்கள். இங்கேதான் எனக்குக் கை தயங்குகிறது.

தொண்டையில் ஆபரேஷன் ஆனபின் என் குரல் காய்ந்த ஓலை உரசுவது போலாகிவிட்டது. மகன் இளவரசுவுக்குப் பாட்டு வராது. தேசிய கீதத்தையே பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் பாடுவான். மகள் மலர்க்கொடிக்கு வரும். நன்றாகவே வரும்.

மலர்க்கொடி சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மருமகன் கதிரவன் அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியர். அவள் தேர்ந்தெடுத்த வீடு அது. நான் தேர்ந்தெடுத்திருக்க மாட்டேன். கல்யாணத்துக்குப் போனேன். கை நனைக்காமல் திரும்பினேன். அதன்பிறகு அவள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், ஊரார் வந்தால் சொல்வது போல, "வாங்க" என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். பெற்ற மகளை.

[இந்தப் பத்தியை இரண்டு முறை நீக்கினேன். அது இல்லாமல் கதை நிற்கவில்லை.]

அவள் மேடையேறினால் மைக்கில் என்ன சொல்வார்கள்? "கதிரவன் வீட்டுப் பாட்டு" என்றா? தாத்தாவிடமிருந்து வந்த உரிமை பஸ் ஏறிச் சிதம்பரத்துக்குப் போய்விடுமா? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. வழி சொன்னவர் மைக் செட் ஆரோக்கியராஜ். ஆபரேஷனுக்கு முந்திய வருடம் நான் பாடியதை இளவரசு போனில் பதிவு செய்து வைத்திருந்தான்.

"அதையே பொட்டில போட்டுடலாங்கய்யா. தம்பி சும்மா நின்னா போதும். முதுகுதான தெரியப் போவுது, வாய யாரு பாக்கறா?" என்றார் ஆரோக்கியராஜ்.

"கடலு பாக்கும்," என்றாள் செல்லாயி.*

"கடலு கமிட்டில போயிச் சொல்லாதும்மா."

எனக்கே சிரிப்பு வந்தது. அப்படியே முடிவாயிற்று.

* செல்லாயி என் மனைவி. முதல் வரைவில் அவள் காலமாகிவிட்டதாக எழுதியிருந்தேன். யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"ஏங்க, என்னைச் சாவடிச்சிட்டீங்களாமே?"

"கதைக்காகத்தான்."

"நான் இருந்தா கதைக்கு என்னா கொறச்சல்?"

"நீ இருந்தா, 'மலர கூப்புடுங்க'ன்னு அன்னிக்கே சொல்லியிருப்ப. அப்புறம் கதை எப்படி நடக்கும்?"

"சொன்னேனே."

சொன்னாள். கதை நடந்தது.

4.

அதன்பிறகு சில மாசி மகங்கள் அப்படியே கழிந்தன. இளவரசு வெள்ளைச் சட்டையில் கடலைப் பார்த்து நிற்பான். என் பழைய குரல் ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வரும். ஊருக்கெல்லாம் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலர்க்கொடி ஒவ்வொரு வருடமும் கணவரோடு வந்து, பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு கேட்டுவிட்டுப் போவாள்.

இந்த வருடம் இரண்டாவது அடியில் கரண்ட் போனது.

விளக்குகள், பெட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. பொழுது மங்கியிருந்தது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. மேடையில் இளவரசு அசையாமல் நின்றான். திரும்பக் கூடாது என்பது மட்டும்தான் அந்தப் பாட்டில் அவனுக்குத் தெரிந்த பகுதி. பின்னால் யாரோ ஒரு கிழவர், "பாதில நிக்குதுடா, நிக்கக் கூடாதுடா," என்றார்.

[இங்கே, "அப்போது இருளைக் கிழித்துக்கொண்டு ஒரு குரல்" என்று எழுதியிருந்தேன். அவள் எதையும் கிழிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, பக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பவள் போல, தொடங்கினாள்.]

குடுத்த மீனுக்குக் கும்புடுறோம்...

பேச்சு அடங்கியது. மருமகன் எழுந்து போய், தன் போன் விளக்கை மேடையை நோக்கிப் பிடித்தார். இளவரசு இருட்டில் கால் இடறிவிடக் கூடாது என்று. (இதை நான் முதலில் விட்டுவிட்டிருந்தேன். செல்லாயி சேர்க்கச் சொன்னாள். "நடந்ததுதான எழுதறீங்க?")

பிறகு ஆரோக்கியராஜின் ஆட்கள் ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். பெட்டிகளுக்கு உயிர் வந்தது.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். பெட்டிக்குத்தான் கரண்ட் வேண்டும், போனுக்கு வேண்டாம். பெட்டிகள் ஊமையாக இருந்த நேரமெல்லாம் என் குரல் போனுக்குள் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டே போயிருக்கிறது. ஆகவே பெட்டி பேசத் தொடங்கியபோது, பாட்டு நின்ற இடத்திலிருந்து வரவில்லை. நகர்ந்து வந்திருந்த இடத்திலிருந்து வந்தது. அந்த இடத்தில் மலர்க்கொடி இருந்தாள். "கொண்டாந்த உப்ப" என்று நானும் அவளும் ஒரே சொல்லில் சந்தித்தோம். முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அது தற்செயலாக வராது. ஒவ்வொரு வருடமும் அந்த மணலில், வாயை மூடிக்கொண்டு, என் நடையிலேயே என்னோடு பாடி வந்திருந்தால்தான் வரும்.

ஓர் அடி முழுவதும் சேர்ந்து பாடினோம். அந்த அடி முடியும்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் கை தூக்கவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. கோபம்கூட இல்லை, சத்தியமாக. ஆனால் முகம் என்று ஒன்று இருக்கிறதே. இத்தனை காலம் விறைப்பாகவே வைத்துப் பழகிய முகம். அந்த நேரத்துக்கு வேறு முகம் என்னிடம் இல்லை.

அவள் நிறுத்திக்கொண்டாள். மீதிப் பாட்டை என் பழைய குரல் தனியாகப் பாடி முடித்தது.

மேடை பிரிக்கும்போது ஆரோக்கியராஜ் என்னிடம் வந்தார். "பாப்பா பாடும்போது பொட்டியக் கொறச்சிருக்கணுங்கய்யா. கை போச்சு. அப்புறம் ரெண்டும் சேந்து கேட்டுச்சா, நல்லாருந்துதுங்கய்யா. கைய எடுத்துட்டேன்."

5.

போன வாரம் விழாக் கமிட்டிச் செயலாளர் செந்தமிழ்செல்வன் செம்மண்டலத்துக்கு வந்தார். எனக்கு மருமகன் முறை. காப்பியைப் பாதி குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. போன்ல போடறது போதும்னு கமிட்டில பேச்சு. அடுத்த மகத்துக்கு மலரு பாடட்டும். இல்லன்னா அந்தப் பாட்டையே வுட்டுட்டு நேரா மெல்லிசைக்குப் போயிடலாம்னு பசங்க சொல்றாங்க."

"மைக்கில என்னன்னு சொல்லுவீங்க?"

"அது நீங்க சொல்றதுதான். மலரையும் கேட்டுட்டோம் மாமா. 'அப்பா கூப்புட்டா வரேன்'னுச்சி. நீங்களே கூப்புடணுமாம். கமிட்டி கூப்புடக் கூடாது, தம்பி கூப்புடக் கூடாது, அத்தையும் கூப்புடக் கூடாதாம்."

"அவ்வளவு ஆயிடுச்சா?"

"ஒங்க பொண்ணுதான மாமா," என்று மீதிக் காப்பியைக் குடித்தார்.

நான் கூப்பிடவில்லை. அதற்குப் பதில், நான்காம் பகுதிவரை எழுதியதை இளவரசு மூலம் அவளுக்கு அனுப்பிவைத்தேன். கதையாக எழுதிவிட்டால் கேட்டதுபோலவும் ஆகும், கேட்காததுபோலவும் ஆகும் என்று நினைத்தேன். எழுதுகிறவர்களுக்கு இப்படி ஒரு வசதி இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்தாள். செல்லாயி வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பாட்ட சொல்லும்மா, கதை நல்லாருக்கு. என் பேரு எல்லா எடத்துலயும் வருது. அவரு வாயில மட்டும் ஒரு எடத்துலயும் வரல."

மேலே போய்ப் பார்த்தேன். உண்மைதான். செல்லாயியோடு பேசும் அந்த அடிக்குறிப்பில் மட்டும் ஒருமுறை வருகிறது. அதுவும் அவள் சொல்லியிருப்பாள் என்று நான் சொன்னது.

6.

முடிவுகள் சிலவற்றை முயன்று பார்த்தேன்.

முதல் முடிவு: மைக்கில், "மலர்க்கொடி கதிரவன் பாடும் கொளஞ்சியப்பன் வீட்டுப் பாட்டு" என்று அறிவிக்கிறார்கள். பாட்டு முடிந்ததும், அன்று 'நிக்கக் கூடாதுடா' என்ற கிழவரே மரபை மீறிக் கைதட்டுகிறார்.
[சினிமா. கைதட்டக் கூடாது என்றால் கூடாது.]

இரண்டாம் முடிவு: யாரும் பாடுவதில்லை. ஐப்பசி மழையில் கடல் ஏறி, வரப்பெல்லாம் உப்புப் பூத்து—
[கடலை அடியாளாக வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை.]

மூன்றாம் முடிவு: இந்த உடைந்த குரலோடு நானே ஏறிப் பாடுகிறேன். இதைச் செல்லாயியிடம் படித்துக் காட்டினேன்.

"கடலு பயந்து ஓடிப்புடும்."

"நல்லதுதானே? ஓடத்தானே சொல்றோம்."

சிரித்தாள். பிறகு, "அவ சிரிச்சிருப்பா இதுக்கு," என்றாள்.

7.

அந்த வீடியோவைப் பலமுறை பார்த்துவிட்டேன். இளவரசுவின் முதுகு தெரிகிறது. கடல் கொஞ்சம் தெரிகிறது. இரண்டு குரலும் ஒன்றாகும் இடம் தெளிவாகக் கேட்கிறது. பிறகு ஒன்று இல்லாமல் போகும் இடமும் கேட்கிறது. என் முகம் அதில் இல்லை. எடுத்தவர் அந்தப் பக்கம் திருப்பவில்லை. குடும்ப மானம் தப்பியது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. அந்த முகத்தை உலகத்தில் ஒருத்திதான் பார்த்திருக்கிறாள். அவள் பார்த்திருக்கக் கூடாத ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

அடுத்த மாசி மகம் இனிமேல்தான் வரவேண்டும். நீங்கள் கிள்ளைப் பக்கம் வந்தால், சீக்கிரமே வந்து மணலில் உட்காருங்கள். மேடையில் ஒரு முதுகு தெரியும், அல்லது தெரியாது. அது யாருடையது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதிவிட்டால், கூப்பிடாமலே கூப்பிட்டவன் ஆகிவிடுவேன். அந்த வசதியை ஒருமுறை எடுத்துக்கொண்டது போதும்.

கீழே செல்லாயி போனில் பேசிக்கொண்டிருக்கிறாள். எதிர்முனையில் யார் என்று எனக்குத் தெரியும்.

"வச்சிடாதடி, இரு. அப்பா எறங்கி வராரு போலருக்கு. மாடில நாற்காலி நகர்ற சத்தம் கேக்குது."

நாற்காலி இன்னும் நகரவில்லை. அவளாகச் சொல்கிறாள். எனக்குக் கேட்கட்டும் என்று சொல்கிறாள். முதல் பகுதியில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டேன் அல்லவா, அதை இங்கே முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று இருந்தேன். மேற்படி பதிவு தொடர்பாக எங்கள் குடும்பத்தின் சார்பில் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், பெட்டியில் கேட்டது என் குரல், மணலில் கேட்டது என் மகள் மலர்க்கொடியின் குரல், அவளை நான்