கேட்டிலிருந்து ஓட்டி வரவேண்டும்

எங்கள் கம்பெனியில் விற்பனை ஏறிக்கொண்டிருந்தது. சந்தையில் எங்கள் பங்கு இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வருடத்தில், ஒரே தாளில். இது எப்படி என்று விளக்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நாம் நடக்கிறோம், மற்றவர்கள் ஓடுகிறார்கள் என்று விளக்குவேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு, "சரி, இப்ப நாம என்ன செய்யணும்?" என்பார்கள். அங்கேதான் எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிடும்.

மோட்டார் சைக்கிள் செய்கிற கம்பெனி. நான் திட்டப் பிரிவில் இருக்கிறேன். என் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அம்புக்குறி. எதைக் கேட்டாலும் பலகையில் மேல்நோக்கி ஓர் அம்பு போடுவார். கம்பெனி வளர அவர் மூன்று வழி எழுதி வைத்திருந்தார். விலை குறைந்த சின்ன வண்டி, வெளிநாட்டுக்கு அனுப்பப் பெரிய வண்டி, பேட்டரி வண்டி. மூன்றுக்கும் மூன்று அம்பு, எல்லாம் ஒரே உயரம்.

"எதுன்னு நீதான் அலசிச் சொல்லணும். பெரியவர் உன் பேச்சைத்தான் கேப்பார்" என்றார். பெரியவர் என்றால் முதலாளி.

பேட்டரி வண்டிக்கு இன்ஜின் கிடையாது. என் கணவர் வேலை செய்வது இன்ஜின் பிரிவில். நான் பேட்டரி என்று சொன்னால் அந்தப் பிரிவை மெல்ல மூடிவிடுவார்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவேண்டியதில்லை. 'மிச்சமாகும் செலவு' என்ற தலைப்பின்கீழ் நானே தட்டச்சு செய்த வரி அது.

அவரைத் தொழிற்சாலையில் காது என்பார்கள். பூட்டி முடித்த இன்ஜினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு, இது போகலாம், இது நிற்கட்டும் என்று சொல்வது அவர் வேலை. வீட்டில் நான் நாலு தடவை கூப்பிட்டாலும் அந்தக் காதில் ஒன்றும் விழாது.

சின்ன வண்டி கணக்கைப் போட்டேன். நிறைய விற்கும், ஆனால் நாம் விலையை இறக்கினால் எதிராளியும் இறக்குவான். கடைசியில் இரண்டு பேருக்கும் கை வலிதான் மிச்சம். பெரிய வண்டியில் லாபம் கொழிக்கும், வாங்குகிற நாட்டுக்காரன் வரியை ஏற்றாதவரை. பேட்டரியில் முதல் சில வருடங்கள் நஷ்டம், அப்புறம் வளர்ச்சி. அந்த 'அப்புறம்' எப்போது என்பதுதான் கேள்வி. ஒரு எண்ணைக் கொஞ்சம் தள்ளினால் சின்ன வண்டி ஜெயித்தது. இன்னொன்றைத் தள்ளினால் பேட்டரி ஜெயித்தது. தள்ளுகிற கை திட்டப் பிரிவுக்காரியின் கையா, காதின் பெண்டாட்டி கையா என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் என்னை வாட்டியது.

சரி, வாங்குகிறவர்களையே கேட்போம் என்று பெட்ரோல் பங்கில் போய் நின்றேன். விலை குறையவேண்டும் என்றார் ஒருவர். விலை குறைந்தால் மட்டமான வண்டி என்பார்கள் என்றார் அவரே. சத்தம் கம்பீரமாக இருக்கவேண்டும் என்றார் இன்னொருவர். பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, சத்தமே கூடாது என்றார். வீடு வீடாகப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர்தான் நின்று பேசினார்.

"எந்த வண்டியா இருந்தா என்னங்க? நான் சம்பாதிக்க ஓடறேனா, இதுக்குப் பெட்ரோல் போட ஓடறேனான்னே தெரியல."

அந்தப் பேச்சு மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. எங்கள் வண்டியை அதிகம் வாங்குகிறவர்கள் அவரைப் போன்றவர்கள்தான்.

என் நாத்தனாருக்கு எப்படியோ விஷயம் எட்டி, போனில் கூப்பிட்டாள். "அண்ணி, அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா ஆயிடப்போகுது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடும்போது அவரிடமே கேட்டுவிட்டேன். "ஏங்க, ஒருவேளை பேட்டரின்னு முடிவாச்சுன்னா?"

"முடிவு பண்றது நீதானே?"

"அதான் உங்களைக் கேக்கறேன்."

"என்னைக் கேட்டா இன்ஜின்னுதான் சொல்லுவேன். அப்புறம் உன் கணக்கு எதுக்கு?"

தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார். அது கோபமா, விட்டுக்கொடுத்ததா? அவர் முதுகைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்தைப் பார்த்தாலும் முடிந்திருக்காது என்பது வேறு விஷயம்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவரின் அப்பா வைத்தது. எந்த வண்டியைச் செய்யலாம் என்று சொல்ல வருகிறீர்களோ, அந்த வண்டியின் மாதிரியை கேட்டிலிருந்து அலுவலகம் வரை நீங்களே ஓட்டி வரவேண்டும். உட்கார்ந்து ஓட்டத் தெரியாத வண்டிக்கு வாயால் வக்காலத்து வாங்கக் கூடாதாம். வழியில்தான் இன்ஜின் ஷெட் இருக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் மூன்றையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். நான் குட்டை. மூன்றிலும் பாதம் தரையில் படியவில்லை. கால் நுனியில் தடுமாறினேன். "பெரியவர் முன்னால விழுந்து மானம் போகப்போகுது" என்று வீட்டில் புலம்பினேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தன்று காலை கேட்டில் மூன்று வண்டியும் வரிசையாக நின்றன. என் பையில் வண்டிக்கு ஒன்றாக மூன்று அறிக்கை இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அம்புக்குறி மாடி ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார், வழக்கம்போல் மேல்நோக்கி.

சின்ன வண்டியில் ஏறினேன். கால் எட்டியது. இரண்டு பாதமும் பதமாகத் தரையில் படிந்தன.

குனிந்து பார்த்தேன். சீட்டை யாரோ இறக்கிப் பூட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் பக்கத்தில் வந்தார். "நேத்து சாயங்காலம் காதுதாம்மா வந்து ஏதோ கழட்டி மாட்டிட்டிருந்தாரு."

எனக்குச் சுருக்கென்றது. ஆக, வாயால் சொல்லாததை ஸ்பேனரால் சொல்லிவிட்டார். இன்ஜின் வண்டியில் ஏறு, என் வேலையைக் காப்பாற்று. கோபம் வந்தது. அதோடு பாவமாகவும் இருந்தது. இதைக் கேட்பதற்கு அந்த மனிதர் இவ்வளவு சுற்றவேண்டுமா?

வீம்புக்கு இறங்கி, பேட்டரி வண்டியில் ஏறினேன். கால் எட்டியது.

பெரிய வண்டியிடம் போனேன். அதன்மேல் ஏறவே எனக்கு ஏணி வேண்டும் என்று புலம்பியிருந்தேன். அதிலும் எட்டியது.

கேட்டில் நின்று அழுதேன். வாட்ச்மேன் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒரு ஜாடை காட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது முடிவு செய்திருப்பேன், அல்லது அதை எதிர்த்தாவது. மனிதர் எனக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை, விழாமல் இருப்பதைத் தவிர. எதில் போனாலும் நீ விழக்கூடாது என்பது மட்டும்தான் அவருக்கு நிச்சயம்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு பேட்டரி வண்டியில் ஏறினேன். சரியா தப்பா என்று அப்போது தெரியவில்லை. பெட்ரோல் போட ஓடுகிறேன் என்று சொன்னவரின் முகம் நினைவில் வந்தது, அவ்வளவுதான்.

வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. இன்ஜின் ஷெட் நெருங்கியபோது என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்ஜின் வண்டியாக இருந்திருந்தால் கேட்டைத் தாண்டியதுமே அந்தக் காதுக்கு எட்டியிருக்கும். எதுவும் கேட்காததால்தான் வெளியே வந்திருக்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

நிறுத்தினேன். இரண்டு காலையும் ஊன்றினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியையும் பார்க்கவில்லை. தரையில் என் செருப்பைப் பார்த்தார்.

"கால் எட்டுதா?" என்றார்.

"எட்டுதுங்க."

"சரி, போ. நேரமாச்சு."