கேதாரத்துச் செம்பு

கிள்ளான் ஆற்றின்மேல் படிந்திருந்த மூடுபனி மெல்ல விலக, பிரிக்பீல்ட்ஸ் இருப்புப்பாதைக் குடியிருப்பின் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாய் உருப்பெற, அவற்றுக்கெல்லாம் வடக்கே நெடுந்தொலைவில் பத்துமலை தன் வெண்சுண்ணப் பாறைமுகத்தை இளஞாயிற்றுக்குக் காட்டத் தொடங்கும் அந்த வேளையைப் படிப்போர் தம் மனக்கண்ணால் காண்பாராக. சப்பானியர் ஆட்சி தொடங்கி ஈராண்டு கடந்திருந்தது. அரிசியின் மணத்தை மறந்த அடுப்புகளில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. தைப்பூசக் கூட்டம் கலைந்த மறுவாரம் அது. கணவனோடு மலைக்குப் புறப்பட்ட தனலெட்சுமி, அரக்கிட்டு வாயடைத்த சிறு செம்பொன்றைப் பூசைமாடத்திலிருந்து எடுத்து, அவன் அறியாமல் முந்தானைக்குள் முடிந்துகொண்டாள்.

அச்செம்பு அவளுடையதன்று. போருக்கு முன், அவள் கணவன் சபாபதி தன் முதல் மனைவி பவுனம்மாளோடு கப்பலேறி, இமயத்துக் கேதாரத்தை வழிபடச் சென்றபோது கொணர்ந்த கங்கைநீர் அதனுள் இருந்தது. திரும்பிய மறு ஆண்டே பவுனம்மாள் காய்ச்சலில் மறைந்தாள். அதன்பின் தனலெட்சுமி அவ்வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். "என் கடைசி மூச்சுக்கு இந்தத் தண்ணிதான்" என்று சபாபதி ஒருநாள் சொல்லியிருந்தான். அன்று முதல் அந்தச் செம்பைத் துலக்கும்போதெல்லாம், உயிர் பிரியும் நேரத்திலும் அவன் உதட்டை நனைக்கப் போவது மூத்தாளின் கையே என்னும் எண்ணம் அவள் நெஞ்சைத் தணல்போல் சுட்டது.

மாலைதோறும் அண்டை வீட்டு இராமலிங்கம் வந்து அமர்வான். "அண்ணே, கிழங்கு தொண்டையிலயே நிக்குது. அந்தக் கேதாரத்துப் பனியக் கொஞ்சம் சொல்லுங்க லா, இறங்கட்டும்" என்பான். சபாபதியும் மகிழ்ந்து, "நாங்க அந்த வளைவு திரும்புனோம் பாரு, மலை முழுக்க உப்பக் கொட்டுன மாதிரி" என்று தொடங்குவான். கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்' என்றும், வெளியே நிறுத்தினால் 'நாங்கள்' என்றும் பகுத்துரைக்கும் நம் மொழியின் நுண்மை கற்றோர்க்கு அணியாகலாம். அடுக்களையில் நின்று அதைக் கேட்ட தனலெட்சுமிக்கோ அது முள்ளாயிற்று. பாத்திரங்கள் தேவைக்குமேல் ஓசையிட்டன.

செந்தூல் வழியே நெடுந்தொலைவு நடந்து, இருவரும் மலையடி சேர்ந்து, வாழைப்பழம் கொணர்வார் இன்மையால் எலும்புந்தோலுமாய்ப்போன குரங்குகள் வெறுங்கையையே உற்றுநோக்கும் படிகளில் ஏறினர். பாதி வழியில் சபாபதி மூச்சிரைத்து அமர்ந்தான்.

"நாங்க கேதாரம் போனப்பவும்..."

"போதும்ங்க!" அவள் குரலில் குரங்குகள் விலகின. "அந்த 'நாங்க'ல நான் எங்க இருக்கேன்? நாலு வருசமா ஒங்களுக்குச் சோறாக்குறேன், கெழங்காக்குறேன். அந்த மலை மேல எனக்கு நிக்க எடமே இல்லையா?" முந்தானையை அவிழ்த்துச் செம்பைக் காட்டினாள். "இத மேல அபிசேகத்துக்கு ஊத்திடப் போறேன். ஒங்க வாய்க்கு நான் மோந்து குடுக்குற தண்ணி போதும்."

சினந்து பறிப்பான் என்று எதிர்பார்த்து, அவள் அதை இறுகப் பற்றினாள். அவனோ கை நீட்டவில்லை.

"தனம், நாங்க கேதாரம் ஏறவே இல்ல."

அவள் செம்பின் அரக்கைப் பார்த்தாள்.

"அடிவாரத்துக் கௌரி குண்டத்துக்கு மேல அவளுக்கு மூச்சு நின்னுபோற மாதிரி ஆயிருச்சு. ஒரு பாறையில ஒக்காந்தா. போறவங்க எல்லாம் போனாங்க. நாங்க திரும்பிட்டோம். இந்தத் தண்ணி கீழ ஆத்துல மோந்தது."

"அப்ப அந்தப் பனி?"

"எறங்கி வந்தவங்க சொன்னது. ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேட்டாங்க. அவ வெக்கப்பட்டுக்கிட்டு, பாத்தோம்னு சொல்லிட்டா. அப்புறம் நான் எப்படி இல்லேங்கிறது?"

"அவங்க பொய்யக்கூட இத்தன நாள் பொத்திப் பொத்தி வச்சிருக்கீங்க!"

"ஆமா. ஒன்கிட்ட மட்டுந்தான் வச்சிருக்க முடியல."

இதுவரை பனியின்மேல் பொறாமை கொண்டிருந்தவளுக்கு, இப்போது அப்பொய்யின்மேலும் பொறாமை மூண்டது. ஆயினும், அவள் கற்பனையில் என்றும் பனிமுடியில் பூச்சூடி நின்ற பவுனம்மாள் அங்கிருந்து இறங்கி, எதிரே இருந்த கணவனைப்போலவே மூச்சுக்குத் தவித்து, மேலே செல்வோரின் பின்னங்கால்களைப் பார்த்தவாறு ஒரு பாறையில் தனியே அமர்ந்தாள். அத்தகையவளோடு எப்படிப் போட்டியிடுவது?

அவள் கை நீட்டினாள். "எந்திரிங்க. அக்கா ஏறாத மலைய இந்தத் தண்ணியாச்சும் ஏறட்டும்."

மூத்தாளை அவள் அக்கா என்றது அதுவே முதன்முறை. குகையினுள் பூசாரி அரக்கை உடைத்து அந்நீரை முருகன் திருமேனியில் ஊற்றினார். வெறுமையான செம்பைத் தனலெட்சுமி பாறைக்கூரையிலிருந்து நீர் சொட்டும் இடத்தில் ஏந்தினாள். சபாபதியும் அதன் அடியில் கை கொடுத்தான். துளித்துளியாய் அது நிறையும் வரை இருவரும் நின்றிருந்தனர்.

மாலையில் இராமலிங்கம் வழக்கம்போல் வந்தான். "அண்ணே, பனி?"

சபாபதி வாய் திறக்குமுன், அடுக்களையிலிருந்து தனலெட்சுமியின் குரல் எழுந்தது.

"அக்கா பாத்த பனி எங்கயும் கரைஞ்சிடாதுண்ணே. இன்னைக்கு வேற மலையக் கேளுங்க."

சபாபதி அவள் நின்ற பக்கம் ஒருமுறை நோக்கினான். பிறகு இராமலிங்கத்திடம் திரும்பி, "நாங்க பாதிப் படி ஏறியிருப்போம் பாரு..." என்று தொடங்கினான்.

தனலெட்சுமியின் கையிலிருந்த அகப்பை அசையாமல் நின்றது. தன் சிறு நெஞ்சுக்குள் தன்னையன்றி வேறெவரையும் அமர்த்த இடமில்லை என்று எண்ணுவோர், பிறர் நெஞ்சுக்கு வெளியே நெடுங்காலம் நிற்கின்றனர். அன்று 'நாங்க' என்னும் அச்சொல் மாறவில்லை. நேற்றுவரை வாயிலில் நின்றவள்தான் அதற்குள் வந்திருந்தாள்.