ப்ராசஸரைத் தொட வேண்டாம்

தங்கை திருப்பியனுப்பிய கம்ப்யூட்டர் மூன்று நாளாகக் என் கம்ப்யூட்டர் கடை மேஜையில் கிடந்தது. "மூலைய அடைச்சிட்டு நிக்குதுண்ணா. துடைச்சு யாருக்காவது வித்துடு" என்றிருந்தாள். மூன்று வருடத்துக்கு முன் நானே அவளுக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பெட்டி அது. அதில் ஒரு பொறியாளருக்காக வீடுகள் வரைந்துகொண்டிருந்தாள். கட்டப்போகும் வீட்டைத் திரையில் எழுப்பி, வாசலில் நுழைந்து அறை அறையாக நடப்பதுபோல் காட்ட வேண்டும். இப்போது ஒரு மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கிறாள்.

மூடியைக் கழற்றித் தூசி ஊதும்போது மெமரியின் லேபிள் கண்ணில் பட்டது. வேகம் 3200 என்று போட்டிருந்தது. ஏதோ உறுத்தியது. ஆன் செய்து செட்டிங்கில் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த வேகம் 2133.

மெமரியை மாட்டியதும் மதர்போர்டு பத்திரமாகக் குறைந்த வேகத்தில்தான் ஓட்டும். லேபிளில் உள்ள வேகம் வேண்டுமென்றால் நாம் உள்ளே போய் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும். அதிலும் இது தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டி. திரையில் படம் நகர்வதே மெமரியை நம்பித்தான். இந்தத் தொழிலில் பதினாறு வருடம் குப்பை கொட்டிய எனக்கு இது தெரியாமலா இருந்தது? பார்க்கவில்லை. அவ்வளவுதான்.

அவள் அப்போதே கேட்கத்தான் செய்தாள்.

"வீட்டைத் திருப்புனா திக்கித் திக்கி நகருதுண்ணா. மெமரி வேகத்த ஏத்தலாம்னு படிச்சேன்."

"ஓவர்கிளாக் பண்ணி வேகத்த ஏத்துனா ப்ராசஸர் பொசுங்கிடும்."

"ப்ராசஸரைத் தொடவே வேண்டாம். மெமரிக்கு மட்டும்."

"நீ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

வேகம் ஏற்றப் போய் ஒரு வாடிக்கையாளரின் ப்ராசஸரைப் பொசுக்கியவன் நான். சூடு கண்ட பூனை. அவள் கை வைத்துவிடக் கூடாதென்று அன்றே செட்டிங் பக்கத்தைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினேன்.

அடுத்த முறை அவள் கேட்டது அவள் வீட்டில், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பக்கத்தில் இருந்தார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பிறகு கேட்கவேயில்லை. படங்கள் தாமதமாகின்றன என்று இரண்டு மாதத்தில் பொறியாளர் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார். "அவளுக்கு அந்த வேலை சரிப்படல மச்சான்" என்று மாப்பிள்ளை சொன்னபோது நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மெமரி வரியில் 3200ஐத் தேர்ந்தெடுத்தேன். ப்ராசஸரின் வேகத்தையும் சேர்த்து ஏற்றட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது, வேண்டாம் என்றேன். மொத்தம் இரண்டு நிமிடம். மதியம்வரை சோதனை ஓட்டியும் ஒரு பிழைகூட இல்லை. ப்ராசஸரின் சூடு எப்போதும்போலவே இருந்தது. அவள் பாதியில் விட்ட கடைசி வீட்டைத் திறந்து திருப்பினேன். தடங்கலில்லாமல் திரும்பியது. மாடிப்படி, சமையலறை, ஜன்னல் வழியே விழும் வெயில். எவ்வளவு நன்றாக வரைந்திருக்கிறாள் என்பதையே அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்துக் கூப்பிட்டேன்.

"தப்பு என்மேலதாம்மா. மெமரி மூணு வருஷமா குறைஞ்ச வேகத்துல ஓடியிருக்கு. நீ சொன்னதுதான் சரி. உன் வேலையில ஒரு குறையும் இல்ல."

 

"இருண்ணா. உன் மாப்பிள்ளையும் அத்தையும் இங்கதான் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போடறேன். இதையே ஒரு தடவ சொல்லு."

அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"சொல்லுங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

வாய்வரை வந்தது. பதினாறு வருடத் தொழில்காரன், தங்கை சொன்ன ஒரு வரியைக் காதில் வாங்காதவன் என்று நானே சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"ஒண்ணுமில்ல மாப்ள. கம்ப்யூட்டர் பத்திரமா வந்து சேர்ந்துச்சு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"ஓ, சரி மச்சான்."

அவள் ஸ்பீக்கரை அணைப்பது கேட்டது.

"சரிண்ணா, வச்சிடறேன்" என்றாள்.