ரம்ஷாவின் ஸ்லைடு

கணபதி என்கிற ஊரில் டாக்டர் நஞ்சுண்டன் நடத்திய பரிசோதனை நிலையத்துக்குத் தொண்ணூற்றாறில் புது மைக்ராஸ்கோப் வந்தது. இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், உள்ளேயே விளக்கு. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ரம்ஷாவின் மேசையில் அதை வைத்தார் டாக்டர். ஒன்பது வருஷமாக அங்கே வேலை பார்க்கும் மெர்சிக்கு, ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் பழையதே மிஞ்சியது.

"உங்களுக்குத்தான் அது பழகிப்போச்சுங்களே, மெர்சி," என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து மெர்சிக்கு வயிறு எரிந்தது. ரம்ஷா சிரித்தால் எரிந்தது. டாக்டர் அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட்டால் இன்னும் எரிந்தது. ரம்ஷா சாப்பிடப் போனதும், அவள் பார்த்து முடித்த ஸ்லைடுகளை எடுத்துத் தன் மைக்ராஸ்கோப்பில் வைத்துத் தேடுவாள். தப்பு ஏதாவது சிக்காதா என்றுதான்.

ஒரு திங்கட்கிழமை சிக்கியது. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் மாரப்பனின் சளி. கிருமி இல்லையென்று ரம்ஷா சற்றுமுன்தான் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். மெர்சி ஸ்லைடை ஓரம்வரை நகர்த்திக்கொண்டே போனாள். நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகள். காசநோய்க் கிருமி! அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாலு பேர் முன்னால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று எழுந்தாள். அதற்குள் ரம்ஷா வந்துவிட்டாள்.

"என்னோட ஸ்லைடுங்களாக்கா?"

"நீயே பாரு, அம்மணி."

குனிந்து பார்த்த ரம்ஷாவின் முகம் வெளுத்தது. "ஐயோ, உட்டுப்போட்டனே! அவரு ஊட்டுல கைக்கொழந்தை இருக்குதுங்கக்கா!" அவர் பஸ் ஏறுவதற்குள் பிடித்துவிட, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள்.

மாரப்பன் என்று ஒரு ஆள் இருப்பதே மெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது.

மூச்சிரைக்க அவரைக் கூட்டிவந்த ரம்ஷா நேராக டாக்டரிடம் போனாள். "தப்பு என்னுதுங்க சார். மெர்சி அக்காதான் கண்டுபுடிச்சாங்க."

டாக்டர் அவளைக் கடிந்துகொண்டார். மாரப்பனுக்கு மறுபடி பரிசோதித்து, சீட்டெழுதிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிறகு மெர்சியிடம், "தப்பை இப்படி ஒத்துக்கற மனசு யாருக்குங்க வருது!" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, இருமல் நின்று முகம் தெளிந்த மாரப்பன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். "ஓடியாந்து என்னையக் கூட்டிட்டுப் போன அம்மணி எங்கீங்க?" என்று கேட்டார்.

ரம்ஷா சீப்பை அப்படியே மெர்சியிடம் நீட்டினாள். "இது உங்களுக்குத்தானுங்கக்கா சேரணும்."

"எனக்கு வேண்டாம்."

ரம்ஷாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் மெர்சி திரும்பி, ஸ்லைடு வைக்காத மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக்கொண்டாள்.